கோழிப் பெரட்டா, ஆட்டுப் பெரட்டா?

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். இதை எழுதுகிறவள் பெயர் ஷாமளா. வயது முப்பத்தாறு. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. ‘நான்’ என்று எழுதினால் தன் பக்க நியாயத்தையே பேசிவிடுவாள் என்று பயந்து, தன்னையே ‘அவள்’ என்று எழுதுகிறாள். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பாளோ, பார்ப்போம்.

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தாள்.

“உலகம் அழிந்த பிறகு, மிச்சமிருந்த பன்னிரண்டு வேலிகளுக்குள்—” (இது, பின்னால் வரப்போகும் ஒரு நாவலின் தொடக்கம். திருடக் கூடாது.)

“டொரத்தி பேசி இருபத்திரண்டு நாளாகிறது.” (உண்மைதான். ஆனால் மூக்கைச் சிந்துகிற வரி.)

“பெரட்டு என்பது சாப்பிடும் பொருள் அல்ல.” (இதுதான் சரி. ஆனால் விளக்கம் வேண்டும். வாருங்கள்.)

2

டொரத்தி குளாயில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். முன்பு ஷாமளாவோடு அதே தொழிற்சாலையில் இருந்தவள். கம்பெனி பஸ்ஸில் இருவர் மடியிலும் ஒரே புத்தகம், ஒரே அட்டை. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

அந்தப் புத்தகம் ‘ஏழாம் வேலி’. பதின்ம வயதினருக்கான நாவல். கொடுங்கோல் அரசாங்கம், பதினாறு வயதில் ஒரு பரீட்சை, அதில் தோற்றும் அடங்காத கெல்லா என்ற பெண், அவளுக்காக உருகும் இரண்டு பையன்கள். நான்கு புத்தகம், ஐந்து படம். (கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாக வெட்டுவது இந்த வகையின் சம்பிரதாயம். எல்லாரும் திட்டுவார்கள். டிக்கெட் வாங்காமல் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.) முதல் நான்கு படங்களுக்கும் இருவரும் கெல்லா மாதிரி ஒருபக்கச் சடை போட்டுக்கொண்டு போனார்கள். பதினாறு வயதுக்காரியாக நடித்தவளுக்கே இருபத்தெட்டு இருக்கும், நமக்கென்ன என்பது டொரத்தியின் வாதம்.

“ரெண்டு ஆன்ட்டிங்களும் சின்னப் பிள்ளைங்க கதைய படிச்சிட்டு அலையுதுங்க,” என்று கேலி செய்தவர் ஷாமளாவின் கணவர் செல்வா. அடுத்த மாதம் கழிவறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது: “ஷாமு, அந்த ரெண்டாவது பையன் செத்துருவானா?”

3

சும்மா இருந்திருக்கலாம். இருவரும் அதைத் தமிழில் எழுதி ஓர் இணையப் பக்கத்தில் போடத் தொடங்கினார்கள். முதல் அத்தியாயத்தில் விடிகாலையில் சங்கு ஊதுகிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள். டொரத்தி துள்ளிக் குதித்தாள்.

“ஏய், இது பெரட்டு லா! ரெங்கம் எஸ்டேட்டுல எங்கப்பா நிப்பாரே, கிராணி பேர் கூப்பிடுவாரே, அதே பெரட்டு!”

(*பெரட்டு: தோட்டத்தில் வேலை தொடங்குமுன் ஆட்களை நிறுத்தி, கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் பெயர் கூப்பிடுவது. துரை சொன்ன ‘பரேடு’ நம் வாயில் விழுந்து இப்படியாயிற்று என்பது டொரத்தியின் ஆராய்ச்சி.)

எழுதினார்கள்: “விடிகாலை ஐந்தரைக்குப் பெரட்டு. வராதவர்களுக்குச் சோறு கிடையாது.”

தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: “கோழிப் பெரட்டா, ஆட்டுப் பெரட்டா?” அதற்குக் கீழே இருநூறு சிரிப்பு முகங்கள். ஒருவர் செய்முறையே போட்டுவிட்டார், பட்டை கிராம்போடு.

ஷாமளாவுக்குக் காது சுட்டது. டொரத்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே பொத்தானில் எல்லாப் ‘பெரட்டு’களையும் ‘அணிவகுப்பு’ ஆக்கினாள். நாற்பத்தோரு இடம். அவற்றில் ஒன்று, ஐந்தாம் அத்தியாயத்தில் கெல்லா உண்மையிலேயே சாப்பிடுகிற இடம். காலையில் அது இப்படி இருந்தது:

“பசி தாங்காமல் இரண்டு தட்டு கோழிப் அணிவகுப்பு சாப்பிட்டாள்.”

டொரத்தி சிரிக்கவில்லை. “எங்கப்பா நின்ன எடத்த அழிச்சிட்டு, கோழிய நிக்க வச்சிருக்க,” என்று ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

4

டொரத்தி கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி, ஒரு சொல்லுக்குப் போய்—

(இல்லை. எழுதுகிறவள் இங்கே நழுவப் பார்த்தாள்.) முகம் தெரியாத இருநூறு பேர் சிரித்ததும் ஷாமளாவுக்குத் தன் ஊர்ச் சொல் வெட்கமாகிவிட்டது. அதுதான் நடந்தது. டொரத்திக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் அவள் வரிசையை விட்டு ஓடினாள்.

நாற்பது பெரட்டையும் திரும்பக் களத்தில் நிறுத்திவிட்டாள். இந்த முறை பொத்தான் இல்லை, ஒவ்வொன்றாகக் கையால். நாற்பத்தோராவதைச் சட்டிக்கு அனுப்பினாள். ஆனால் டொரத்தி அந்தப் பக்கத்தைத் திறப்பதாகவே தெரியவில்லை. ஐந்தாவது படம், கடைசிப் படம், இந்தச் சனிக்கிழமை. சண்டைக்கு முன்பே வாங்கிய இரண்டு டிக்கெட் கையில் இருக்கிறது.

5

முடிவுகள்:

அ) டொரத்தி மழையில் நனைந்து ஓடிவருகிறாள். (ஜொகூர் பாருவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவளிடம் கார் இருக்கிறது.)

ஆ) செல்வாவைக் கூட்டிப் போகலாம். (படம் முழுக்க “இவன் யாரு?” என்று கேட்பார். வேண்டாம்.)

இ) பக்கத்து இருக்கை காலியாகவே—

(எழுத முடியவில்லை.)

ஆகவே இதுவரை எழுதியதை ஷாமளா டொரத்திக்கே அனுப்பிவிட்டாள், அவளும் உள்ளே வந்து எழுதக்கூடிய மாதிரி. ஆறாம் பாகத்தைக் காலியாக விட்டாள். இந்தக் கதைக்கு முதல் வாசகர் நீங்கள் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

6

தொட்டாற்சிணுங்கியா? பாத்துட்டேன் லா. கோழி அணிவகுப்புக்கு அன்னிக்கே கிளினிக்குல ஒளிஞ்சிக்கிட்டு சிரிச்சேன், உன்கிட்ட சொல்லத்தான் மனசு வரல. நாப்பதையும் எண்ணிப் பாத்தேன், சரியா இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தியேட்டர் வாசல்ல பெரட்டு. சடை கட்டாயம். வராதவங்களுக்குப் பாப்கார்ன் கிடையாது. ஓரச் சீட்டு எனக்கு.

7

அதற்குக் கீழே ஷாமளா ஒரே ஒரு வரி அடித்தாள்: “நான் ஆஜர்.”

அலமாக், ‘நான்’ வந்துவிட்டது. போகட்டும்.

படம் எப்படி முடிகிறது என்று இங்கே சொல்வதாக இல்லை. செல்வா இன்னும் நாலாவது புத்தகத்தில்தான் இருக்கிறார். அந்த இரண்டாவது பையனை நீங்களே பிழைக்க வையுங்கள், இல்லை கொன்றுபோடுங்கள், உங்கள் இஷ்டம். பெரட்டை மட்டும் தொடாதீர்கள்.