கருகிய ஓரம்

"புற்றுநோயா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லித் தொலையேன்க்கா."

"மாட்டேன். முதல்ல இதைப் பாரு."

இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் தம்பி எதிர்ப்பக்கம் குனிந்தான். அவன் தொண்டை அறுவை மருத்துவன். அறுத்தெடுக்கும் துணுக்குகளைப் படித்துச் சொல்வது அக்காவின் வேலை. இன்று வந்திருப்பது ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண்ணின் குரல்நாண் துணுக்கு. தினமும் அந்தக் குரல் கேட்டுத்தான் அக்கா ரயிலேறுவாள்.

"கன்னங்கரேல்னு நீள நீளமா இருக்கே! புற்று தானே?"

"எல்லாம் ஒரே பக்கமா வாரிவிட்ட தலைமுடி மாதிரி சாஞ்சிருக்கு பாரு. புற்று செல் இவ்வளவு ஒழுங்காப் படுக்காதுடா. சுத்தி சதையெல்லாம் கூழாயிருக்கு. இது சூடு பட்ட தடம். உன் கரண்ட் கத்தியோட வேலை."

"அப்போ நோய் இல்ல!"

"குதிக்காதே. கருகின இடத்துல என்ன இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கருகாத இடம் கடுகளவுகூட இல்ல. நான் புற்றுன்னு எழுதினா நீ நாணை வெட்டிடுவே, அந்தப் பொண்ணுக்குக் குரல் போயிடும். இல்லேன்னு எழுதி, உள்ள இருந்துட்டா உயிரே போயிடும்."

அவன் முகம் தொங்கிப்போனது. அக்காவுக்குப் பாவமாக இருந்தது. மற்ற மருத்துவர்கள் அனுப்பும் துணுக்குகள் இப்படி வருவதில்லை. சிறுவயதில் தம்பி முழங்கால் சிராய்ப்பில் துளி ரத்தம் பார்த்தாலே மயங்கி விழுவான். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இன்றும் ரத்தம் கசியும் முன்பே சுட்டுவிடுகிறான்.

"ரொட்டி சுட்டாலும் நீ இப்படித்தான் கருக்குவே," என்று அவன் தலையில் செல்லமாகத் தட்டினாள். "மறுபடி ஒரு துணுக்கு எடு. வெறும் கத்தரி, கரண்ட் வேண்டாம். ரத்தம் வந்தா வரட்டும். பஞ்சை வெச்சு அழுத்திக்கிட்டு பொறுமையா இரு, நின்னுடும்."

"நாளைக்குக் காலையில எடுக்கறேன்," என்றான்.

உயிருள்ள உடம்பில் கத்தி படுவதைக் காணப் பொறுக்காமல்தான் அக்கா துணுக்கு ஒட்டிய இந்தக் கண்ணாடித் தகடுகளோடு வந்து உட்கார்ந்தாள். படிப்பு முடிந்த பிறகு ஒருநாளும் அறுவை அரங்கின் வாசலை மிதித்ததில்லை. அது அவனுக்கும் தெரியும்.

கதவுவரை போனவன் கைப்பிடியைப் பிடித்தபடியே திரும்பினான்.

"அக்கா, நாளைக்கு நீ உள்ள வந்து என் பக்கத்துல நிக்கறியா?"