சாயங்கால அக்கா

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொன்னவர்கள், காக்கையைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்களா என்று தெரியவில்லை. வேளைக்கு வேளை இரை கொண்டுவந்து ஊட்டுகிறது, அது உண்மை. என்ன நினைத்துக்கொண்டு ஊட்டுகிறது என்று எந்தக் காக்கையும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளும் சொல்லவில்லை. குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நகம் வெட்டுவதிலிருந்து கழுத்து மடிப்பில் ஈரம் ஒற்றுவது வரை எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். தடுப்பூசி போடும் நர்ஸம்மா, எடைத் தட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டே, வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்களுக்குக் கேட்கும்படி, "இவங்களைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். மற்ற அம்மாக்கள் அவளை முறைத்தார்கள்.

ஆனால் குழந்தையைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெறுப்பு இல்லை, எரிச்சல்கூட இல்லை. பஸ்ஸில் நிற்கிறவர் நம் மடியில் வைத்துக்கொள்ளும்படி கொடுத்த பையை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ அப்படிப் பார்த்துக்கொண்டாள்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? சிறுமியாக இருந்தபோது தெருவில் அவளுக்குப் பெயரே 'குட்டியம்மா'. எந்த வீட்டில் குழந்தை சிணுங்கினாலும் இவள் இடுப்புக்கு வந்துவிடும். "இவ பத்துப் பிள்ளை பெத்தாலும் அலுங்காம வளத்துடுவா" என்று ஊரே முத்திரை குத்தி வைத்திருந்தது. அப்படிப்பட்டவள் எனக்குப் பாசம் வரவில்லை என்றால், மீன் குஞ்சு வந்து எனக்கு நீச்சல் வரவில்லை என்று சொன்ன கதையாகிவிடும். சிரித்துவிட்டால்கூடப் பரவாயில்லை. 'பெத்தவதானா நீ' என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தாவது வந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாடுவது? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை தங்கை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். தங்கை நாலைந்து தெரு தள்ளி இருப்பவள், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவர் செய்கிற தப்புக்கெல்லாம் பிரேக் போடுவதுதான் என் பிழைப்பு என்பாள். பேச்சுக்கு மட்டும் பிரேக் கிடையாது.

"அக்கா, உன் சொத்தைக் கொண்டு வந்திருக்கேன்."

"என்னடி அது?"

"பிரிச்சுப் பாரு. அம்மா வீட்டை வித்தப்ப பழைய பேப்பர்காரர்கிட்ட போக இருந்தது. நான்தான் காப்பாத்தி வச்சேன்."

பெட்டி நிறைய 'சாயங்கால அக்கா' புத்தகங்கள். முதுகு பிய்ந்து, ஓரம் மஞ்சளடித்து, சில அட்டைகளில் பேனா மீசையோடு. ஒரு பதின்மூன்று வயதுப் பெண், பள்ளிக்கூடம் விட்டதும் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அம்மா திரும்பி வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான் கதை. அடுத்த புத்தகத்தில் அடுத்த வீடு. ஒரு குழந்தை பொத்தானை விழுங்கும், இன்னொன்று துவைக்கிற துணிக்குள் ஒளிந்துகொண்டு தெருவையே அலற வைக்கும். இவளும் தங்கையும் அந்தப் பெட்டியோடுதான் வளர்ந்தார்கள்.

"என்னை மேசைக்கு அடியில படுக்க வச்சு, நான்தான் குழந்தைன்னு சொல்லித் தூங்க வைப்பே. தூங்கலைன்னா கிள்ளுவே" என்றாள் தங்கை.

"நான் கிள்ளினேனா?"

"பின்ன? இப்பவும் தழும்பு இருக்கு, காட்டவா?" என்று சட்டைக் கையை மடிக்கப் போனவள், தொட்டிலில் அசைவைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு ஓடினாள். குழந்தையைத் தூக்கி, உள்ளங்காலை வாயில் வைத்து, "அக்கா, இதைக் கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு" என்றாள்.

"ஆமா" என்றாள் இவள். சரியான இடத்தில் சிரிக்கவும் செய்தாள்.

செவித்திறன் பரிசோதிக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. இப்போது விடுப்பு. சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்வாள். சிலருக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் கண்ணாடி வழியாக இவள் முகத்தைப் பார்த்து, இப்போது அமுக்க வேண்டும்போல என்று ஊகித்து அமுக்குவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க, சத்தமே அனுப்பாமல் சும்மா தலையை அசைத்தால் போதும். நான்கு மாதமாக அவளும் சுற்றியிருக்கும் முகங்களைப் பார்த்துத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறாள். சத்தம் இல்லாமல் தலையை அசைத்துப் பார்க்க ஆள்தான் இல்லை.

தங்கை போன பிறகு ஒரு கையில் குழந்தையும் மறு கையில் புத்தகமுமாகப் படிக்க ஆரம்பித்தாள். சிறுவயதில் இதே பக்கங்களில் விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். இப்போது சிரிக்க வேண்டிய இடம் எது என்று மட்டும் தெரிந்தது. அதோடு பக்கத்துக்குப் பக்கம் அபத்தமும் தெரிந்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் மூன்று பிள்ளைகளையும் எரிகிற அடுப்பையும் ஒப்படைத்துவிட்டு எந்தத் தாய் போவாள்? இந்தப் புத்தகங்களில் எல்லாத் தாய்மார்களும் போனார்கள். ஒருத்தி குழாயைக்கூட மூடாமல் போனாள்.

சின்ன வயதில் அந்த அம்மாக்களை அவள் கவனித்ததே இல்லை. முதல் பக்கத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு போவார்கள், கடைசியில் மணியை அடித்துக்கொண்டு வருவார்கள். நடுவில் எங்கே போனார்கள், வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று எழுதியவருக்கும் அக்கறை இல்லை. மணி அடித்ததும் சாயங்கால அக்கா கதவைத் திறந்து அன்றைய விவரத்தை ஒப்பிப்பாள். பால் குடித்துவிட்டான், முட்டியில் சிராய்ப்பு, மருந்து போட்டாயிற்று, அழவில்லை. அம்மா குழந்தையை வாங்கிக்கொள்வாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போவாள். ஒரு புத்தகம் பாக்கியில்லாமல் இப்படித்தான் முடிந்தது. குட்டியம்மாவுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பக்கம்தான். அப்போது அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த வாரம் கைக்கு வந்த புத்தகத்தில் மழை. ஆற்றுப் பாலம் மூழ்கி, அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். விளக்கு ஏற்றியாயிற்று, ஆள் வரவில்லை. "அம்மா எப்ப வருவாங்க?" என்று குழந்தை கேட்கிறது. "வந்துடுவாங்க" என்கிறாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறது. "வந்துடுவாங்கடா." மூன்றாவது முறை சொல்லும்போது அவள் குரலே நடுங்குகிறது.

அந்த வரியைப் படித்ததும் இவள் தலையைத் தூக்கி வாசல் கதவைப் பார்த்தாள்.

பார்த்த பிறகுதான், தினமும் இப்படிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. வெளியே லிஃப்ட் நிற்கிற சத்தம் கேட்டாலே பார்க்கிறாள். கணவனுக்காக இல்லை. அவன் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். இந்தக் குழந்தையின் அம்மாவுக்காக. ஏதோ தடங்கல், மழையோ பாலமோ, வந்துவிடுவாள், வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நான்கு மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் ஒரு கீறல் படாமல் வைத்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை என்றால் கூடுதல் கவனம் வேண்டுமல்லவா?

பயந்திருக்க வேண்டும். பயமும் வரவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏப்பம் வருவதற்காகக் குழந்தையின் முதுகைத் தட்டினாள்.

சாயங்காலம் கணவன் வந்தான். அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மணிக்கட்டு வரை கிரீஸ் இருக்கும். வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவான். நல்லவன், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"மத்தியானம் நல்லாப் பால் குடிச்சது. ஒரு தூக்கம்தான் தூங்கிச்சு. காதுக்குப் பின்னாடி லேசாச் சிவந்திருக்கு, எண்ணெய் தடவியிருக்கேன். பெருசா அழலை" என்று சொல்லி, குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

"ஹெட் நர்ஸ் தோத்தாங்க போ" என்று அவன் சிரித்தான். "நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

புத்தகத்தில் அம்மாக்கள் சொல்கிற அதே பாராட்டு. அவள் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கடைக்கா?" என்று உள்ளே இருந்து கேட்டான்.

"ம்."

கடைக்குப் போகவில்லை. கால் தன் பாட்டுக்கு நடந்து தெருமுக்கில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. கைப்பை எடுத்து வரவில்லை, போன் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. ஒரு பஸ் வந்து கதவைத் திறந்தது.

"ஏறலையாம்மா?" என்றார் டிரைவர்.

"எங்க போகும்?"

அவர் வரிசையாக ஊர்ப் பெயர்களைச் சொன்னார். அதில் ஒன்றும் அவள் வீடு இல்லை. அம்மா வீட்டை விற்றாயிற்று, அம்மாவே இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவளுக்கு எந்த வீடு என்று தெரியவில்லை. டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார்.

எதிர்க் கட்டிடத்தில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. பால் சுரந்து அவள் சட்டை முன்புறம் நனைந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடிற்று. அவள் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள், ஓட்டுக்கூரை ஒழுகுவதைப் பார்ப்பதுபோல.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, எங்க இருக்கே? உனக்கு லைன் கிடைக்கலைன்னு மாமா எனக்குப் போன் பண்ணாரு. கடைக்குப் போனவளை இன்னும் காணோம், பையும் வீட்டுலயே இருக்குன்னு. குழந்தை பசியில கத்துதாம்."

"டப்பாப் பால் மேல் தட்டுல இருக்கு. வெந்நீர் ஃபிளாஸ்க்ல இருக்கு. அவர்கிட்ட சொல்லு."

"அது இருக்கட்டும், நீ எங்க இருக்கே?"

"பஸ் ஸ்டாப்ல."

"எங்க போறதுக்கு?"

வாயில் இருந்தது வந்துவிட்டது. "அதோட அம்மா இன்னும் வரலைடி. நான் எவ்வளவு நேரம்தான் இருக்கறது?"

அந்தப் பக்கம் கார்ச் சாவிக் கொத்து குலுங்கியது.

"அங்கேயே இரு. நகராதே. வந்துட்டேன்."

கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று பலகை வைத்த காரில் வந்து, வண்டியைத் தாறுமாறாக நிறுத்திவிட்டு இறங்கினாள். ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு. வந்து பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"போன்ல சொன்னியே, அதை."

அவள் எதிர்க் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலை. யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு. எல்லாம் செய்யறேன், ஆனா ஒண்ணும் வரலை."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியில கையில குடுத்தாங்களே, அப்பலேர்ந்து."

சொல்லிவிட்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். பெத்தவதானா நீ. சொல்லிவிட்டால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

தங்கை அதைச் சொல்லவில்லை. "நாலு மாசமா? நாலு மாசமா நான் வந்து வந்து அதுக்கு முத்தம் குடுத்துட்டுப் போயிருக்கேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ரோடு என்றுகூடப் பார்க்காமல் விக்கி விக்கி அழுதாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கைதான் தானாக நீண்டது. தங்கையின் முதுகில் பதமாக, ஒரே தாளத்தில், மேலிருந்து கீழாகத் தட்டிக்கொடுத்தது. விக்கல் நிற்கிறதா என்று காது கவனித்துக்கொண்டிருந்தது.

தங்கை சட்டென்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்க்கா. என்னைப் பாத்துக்காதே."

"அழறியேடி."

"அழறேன். அழுதுட்டுப் போறேன். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட உன்னை நான் கூட்டிட்டுப் போறேன். இதுக்கெல்லாம் டாக்டர் இருக்காங்க. மாமாகிட்ட நான் பேசறேன். இப்ப நீ யாரையும் பாத்துக்காதே. சும்மா உக்காரு."

கையைத் தங்கை விடவில்லை. இன்னொரு கை மடியில் கிடந்தது. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு மூன்று பஸ்கள் வந்து நின்று, அவர்களைப் பார்த்துவிட்டுப் போயின. தங்கை மூக்கைச் சிந்தினாள், மறுபடி அழுதாள், மறுபடி சிந்தினாள். அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தைமேல் அப்போதும் ஒன்றும் வரவில்லை. தேடித்தான் பார்த்தாள், இல்லை. ஆனால் வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. என்னவென்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குப் பசிக்குதுடி" என்றாள்.