அக்காவின் நாக்குக்கு மூன்று முடிவுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கல்லூரி ஆண்டு மலரின் ஆசிரியர் குழுத் தலைவி, "பெண்கள் நலம்னு ஒரு பகுதி காலியா கிடக்கு. நம்பிக்கையூட்டுற மாதிரி ஏதாவது எழுது. உன் கிண்டலெல்லாம் வேணாம்" என்றாள். கிண்டலை எடுத்துவிட்டால் என் எழுத்தில் முற்றுப்புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். ஆனால் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அக்காவுக்கு ஒரு கோளாறும் இருந்தது. எழுத வருபவனுக்கு வேறென்ன வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: 'கண்ணாடியில் தன் பிடரியின் கருமையைக் கண்டு அவள் விழிகள் குளமாகி...'

(அடித்துவிட்டேன். குளமுமில்லை, குட்டையுமில்லை. அழுக்கென்று நினைத்து நார் போட்டுத் தேய்த்தாள். கருமை போகவில்லை, தோல் போனது.)

தொடக்கம் இரண்டு: 'சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றும் இந்நிலையில் பலருக்கு, சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காமல்...'

(பாடப்புத்தக வாடை. ஆனால் விஷயம் இதுதான் என்பதால் பாதியை விட்டுவைக்கிறேன். மீதிப் பாதி: மாதவிலக்கு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. சாப்பிட்டு எழுந்தால் கண் சொக்கும். தாடையில் முடி முளைக்கும். எனக்கே இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.)

3

டாக்டரைப் பாத்திரமாக்கப் பார்த்துத் தோற்றேன். சர்க்கரையையும் மைதாவையும் குறை, பயறு, முட்டை, காய்கறியைக் கூட்டு, தினமும் நட, மாத்திரையை நிறுத்தாதே, பொறுமையாக இரு. அவ்வளவுதான் சொன்னார். இவ்வளவு சப்பென்று பேசுகிறவரை வைத்துக்கொண்டு எந்தக் கதை நகரும்?

நல்லவேளை, மற்றவர்கள் இருந்தார்கள். சித்தி ஏதோ ஒரு இலையை அரைத்துக் கொண்டுவந்தாள். இலையின் பெயர் அவளுக்கும் தெரியாது. போனில் வரும் உணவு ஆலோசகி ஒருத்தி சர்க்கரை விஷம் என்று கண்ணை உருட்டிவிட்டு, அடுத்த வீடியோவிலேயே தன் கம்பெனியின் பேரீச்சை உருண்டையை விற்றாள்.* அம்மாவின் வைத்தியம் எல்லாவற்றுக்கும் மேல்.

"கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாயிடும்டி."

"மாப்பிள்ளைய சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துக்கணுமா, பின்னாடியாம்மா?"

அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவைத் துரத்தினாள்.

(* உருண்டையை நான்தான் தின்றேன். எனக்கு எந்த ஹார்மோனும் சீராகவில்லை.)

4

அக்காவின் வேலையை இதுவரை மறைத்ததற்குக் காரணம், சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதுதான். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள்.

வெள்ளைச் சுவர், ஆளுக்கொரு தடுப்பு, ஒரு கோப்பை. கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும், கோப்பையில் துப்ப வேண்டும், வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்து மதிப்பெண் போட வேண்டும். விழுங்குவதில்லை. இதை உறவினர்களுக்குப் புரியவைக்க முடியாது. "பிஸ்கட்டா தின்னு தீத்தா உடம்பு என்னத்துக்காகும்" என்று பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே கேட்பார்கள். வெண்ணெயில் லேசாக வெங்காய வாடை ஏறியிருந்ததை முதல் கடியிலேயே கண்டுபிடித்தவள் அவள். கர்வப்பட அவளுக்கு ஒரே ஒரு பொருள் உண்டு, அது நாக்கு.

டாக்டர் சொன்ன சப்பென்ற விஷயங்களை அவள் விடாமல் செய்தாள். சில மாதங்களில் மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. பிடரி வெளுத்தது. மதியத் தூக்கம் போனது. மலர்த் தலைவி கேட்ட நம்பிக்கை இதோ, கதையை இங்கே முடித்துவிட்டு நான் கேன்டீனுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் உடம்போடு நாக்கும் திருந்திவிட்டது.

5

"என்னம்மா, ஒரு பேட்ச் மொத்தத்தையும் இனிப்பு அதிகம்னு நிறுத்தி வெச்சிருக்க? சர்க்கரை அதே அளவுதான், நானே பாத்துட்டேன்" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்கு அதிகமாத்தான் சார் தெரியுது."

"ஒப்பிட்டுப் பாக்க வெச்ச பழைய பிஸ்கட்டு?"

"அதுவும் அதிகம் சார்."

"அப்ப ஊரு நாக்கெல்லாம் தப்பு, உன்னோடது மட்டும் சரி."

"இப்பதான் சார் சரியாயிருக்கு."

அவர் யோசித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு பத்தியம் எழுதிக்கொடுத்தார். "ஒரு வாரம் லீவு எடுத்துக்க. கேக்கு, ஐஸ்கிரீம், எது கிடைச்சாலும் சாப்பிடு. பழைய நாக்கோட வா. திங்கக்கிழமை சாம்பிள் பிஸ்கட்டு வெச்சு உன்னைச் சோதிப்போம். தேறலைன்னா பாக்கெட் கட்டுற பேக்கிங் பக்கம்தாம்மா, வேற வழியில்ல."

(ஊரே சேர்ந்து உடம்பைச் சரிசெய்ய இலவச ஆலோசனை கொடுத்தது. அதைக் கெடுத்துக்கொண்டு வரச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தவர் இவர் ஒருவரே. பெரிய மனசு.)

6

முடிவு அ: வாரம் முழுக்க இனிப்பு தின்கிறாள். சோதனையில் தேறுகிறாள். வேலையைக் காப்பாற்ற அப்படியே தொடர்கிறாள். பிடரி மறுபடி...

முடிவு ஆ: முதலாளி மனம் மாறி பிஸ்கட்டில் சர்க்கரையைக் குறைக்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (மலர்த் தலைவிக்காக எழுதியது. எழுதும்போதே எனக்குப் பல் கூசியது.)

முடிவு இ: அம்மா சொன்னபடி வேலையை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்து

7

இந்த இடத்தில் அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். நின்றபடியே படித்தாள்.

"ஏன்டா, ஒண்ணுல சூப்பர்வைசர் சொன்னபடி, ஒண்ணுல உன் தலைவி சொன்னபடி, ஒண்ணுல அம்மா சொன்னபடி. நான் எங்கடா இருக்கேன் இதுல?"

"அப்ப நீ என்னதான் பண்ணப் போற?"

"சொன்னா எழுதிடுவ."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நாக்குக்கு அவங்க டாக்டர் இல்லையாம்."

தாளால் என் தலையில் ஒரு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

8

இன்று ஞாயிறு சாயங்காலம். விடுமுறை இன்றோடு முடிகிறது, நாளை சோதனை. சாப்பாட்டு மேஜையில் அவளுடைய தொழிற்சாலை பிஸ்கட் பாக்கெட் ஒன்று பிரித்தபடி கிடக்கிறது. ஒரு பிஸ்கட் குறைகிறது. அக்கா எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருக்கிறாள். அவள் கையெட்டும் தூரத்தில் ஒரு கோப்பை. விழுங்கப்போகிறாளா, துப்பப்போகிறாளா என்பது என் நாற்காலியிலிருந்து தெரியவில்லை. எழுந்துபோய்ப் பார்க்கலாம். பார்க்கமாட்டேன்.

உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை, தெரிகிறது. அவள் என்ன செய்ய வேண்டும் என்று நாக்கு நுனியில் ஒரு ஆலோசனை வந்து நிற்கிறது. உங்கள் ஒன்றுவிட்ட தங்கைக்கு இதே கோளாறு எதனாலோ சரியானதுகூட ஞாபகம் வந்துவிட்டது. நல்லது. நன்றாக மென்று பாருங்கள்.

பிறகு துப்பிவிடுங்கள்.