அண்ணனுக்கு ஒன்று

தம்பிக்கு வாய்தான் முதலில் போகும். புத்தி பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும்.

அண்ணனுக்குக் கட்டி வந்து இரண்டு விரைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, ஆனால் இனிப் பிள்ளைக்கு வழியில்லை என்றார் டாக்டர். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் தம்பி வார்டே கேட்கும்படி, "எங்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ணை அவனுக்கு வைங்க" என்று சொல்லித் தொலைத்தான். எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. நீங்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், உடம்பு ஏற்றுக்கொள்ளும், செய்யலாம் என்றார்.

அன்றிலிருந்து தம்பிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருவரும் நடத்தும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் கட்டிங் பிளேயரைப் பார்த்தாலே கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டான். சொன்ன வாயாலேயே மாட்டேன் என்று சொல்ல ரோஷம் விடவில்லை. "மார்க்கத்துல கூடுமான்னு ஹஜ்ரத்தைக் கேட்டுடுவோம்டா" என்று அண்ணன் சொன்னபோதுதான் தப்பிக்க ஒரு கதவு தெரிந்தது.

பள்ளிவாசல் மாடியறையில், மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தி ஹஜ்ரத் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல நோயாளி யாரு?"

"நான்தான் ஹஜ்ரத்" என்றான் அண்ணன். "பயந்து போயிருக்கிறவன் இவன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சுற்றி வளைக்கவில்லை. "கிட்னி கொடுக்கலாம், நல்ல காரியம். கர்ப்பப்பையைக்கூட, அவசியம் இருந்தா மாத்தலாம்னு சொன்ன அறிஞர்கள் உண்டு. விரையும் சினைப்பையும் அப்படியில்ல. வேற உடம்புல வச்சாலும் கொடுத்தவரோட வம்சத்தைத்தான் அது சுமக்கும். பிள்ளை யாருக்குன்னு குழப்பம் வந்துடும். அதனால அறிஞர் சபை கூடாதுன்னு சொல்லியிருக்கு."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன நல்ல மனிதர் இந்த ஹஜ்ரத். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினான்.

அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தான். சரி, சரி என்று. கடையில் வாடிக்கையாளர்களிடம் 'இது இனி ஓடாதுங்க' என்று சொல்லும்போது அவர்கள் இப்படித்தான் ஆட்டுவார்கள்.

மறுபடியும் தம்பியின் வாய் முந்திக்கொண்டது.

"ஹஜ்ரத், அது மத்தவங்களுக்கு. நாங்க ஒரே கம்பெனி, ஒரே மாடல். எந்த டெஸ்ட் எடுத்தாலும் பிள்ளை இவனோடதா என்னோடதான்னு பிரிக்கவே முடியாதாம், டாக்டரே சொன்னாரு. அப்புறம் என்ன குழப்பம்?"

"பிரிக்க முடியலைன்னா குழப்பம் ஜாஸ்தியா, கம்மியா?"

தம்பி விடவில்லை. "அவன் வம்சமும் என் வம்சமும் ஒண்ணுதானே?"

"வம்சம் ஒண்ணு. நிக்காஹ் ரெண்டுப்பா. உன் அண்ணி உனக்கு அண்ணிதான்."

அண்ணன் அவன் தொடையைத் தட்டினான். "போதும்டா, வா."

"நீ சும்மா இரு. ஹஜ்ரத், இரட்டைப் பிள்ளைங்களைப் பத்தித் தனியா யாராவது சொல்லியிருக்காங்களா?"

ஹஜ்ரத் யோசித்தார். "நான் பார்த்ததில்ல. என் அறிவுக்கு எட்டினவரை இதுவும் கூடாதுதான். ஆனா என்னைவிடப் படிச்சவங்க இருக்காங்க. கேக்கவா? பதில் எப்படி வந்தாலும் ஏத்துக்கணும்."

வேண்டாம் என்றால் கதை முடிந்தது. யாரும் அவனைக் குறை சொல்லவும் முடியாது.

"கேளுங்க" என்றான் தம்பி.

இருவரும் படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "கூடாதுன்னுதான் வரும். எனக்குத் தெரியும்."

"தெரியுதுல்ல, அப்புறம் ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே?"

"தூக்கத்துல 'வேணாம், வேணாம்'னு உளர்றியாமே. உன் பொண்டாட்டி சொன்னா."

"அவளுக்கு வேற வேலையில்ல."

"ஒருவேளை கூடும்னு வந்துட்டா? ஓடிட மாட்டியே?"

"ஓடுவேன்" என்றான் தம்பி. "நீ பிடிச்சு இழுத்துட்டுப் போ."