பாதியில் நின்ற வியர்வை

விடியுமுன்னே பெரட்டு. ஆளை எண்ணி மலைக்கு அனுப்புவார்கள். பீர்மேட்டுப் பனிமஞ்சு மூக்கில் ஏற, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து கிள்ள இறங்குவோம். நனைந்த செடி தொடையை அறுக்கும். கறை பிடித்த விரல்கள் வெடித்து எரியும். இந்த மாதம் முதல் கையில் ஒரு பட்டையும் ஒட்டுகிறார்கள்.

அதை ஒட்ட வந்த கொச்சிக்காரன் அட்டைக்குப் பயந்து கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகியிருந்தான். பட்டைக்குள் முடியைவிட மெல்லிய ஓடை இருக்கிறதாம். வியர்வைத் துளி மோட்டார் இல்லாமல் தானே அதில் ஊர்ந்து போகுமாம். எவ்வளவு தூரம் ஊர்கிறதோ அவ்வளவு வேலையாம். கொழுந்தை நிறுத்தது போதாதென்று வியர்வையையும் நிறுக்க வந்துவிட்டார்கள், மகா புத்திசாலிகள்.

நேற்று கத்தரீனாளக்கா கொழுந்துச் சாக்கோடு சரிந்து விழுந்தார். தூக்கி வந்தோம். இன்று பெரட்டில் எஸ்டேட் துரை அவரை முன்னால் நிறுத்தினார்.

"இவங்க வியர்வை பாதியிலேயே நின்னுடுச்சு. உடம்பு லாயக்கில்ல," என்றான் கொச்சிக்காரன், போனைத் தடவிக்கொண்டே.

"கேட்டல்லோ? இனி ஜோலி இல்ல. லயத்து வீட்டைக் காலி செய்யணும்," என்றார் துரை.

"படுத்த படுக்கையாக் கெடக்க மனுசனத் தூக்கிட்டு நான் எங்க போவேன் சார்?" என்றார் அக்கா.

துரை அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

வியர்வை ஏன் நின்றது என்று எங்களுக்குத் தெரியும். மலையில் கக்கூஸ் கிடையாது. செடி இடுப்பளவுதான், மேட்டில் சூப்பர்வைசர்கள் நிற்பார்கள். அதனால் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டோம். அதையே கெட்டிக்காரத்தனமாக வேறு பீற்றிக்கொள்வோம். அதில் கத்தரீனாளக்காதான் முதல் ஆள். என்ன பெருமையோ, தூ!

ஆண்கள் முன்னால் இதை எப்படிச் சொல்வது? அக்கா தலை குனிந்து நின்றார். நான் ஓரடி முன்னால் போனேன்.

"சார், தண்ணி குடிச்சாத்தான வேர்க்கும். குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா நாங்க எங்க போக?" என்றேன்.

துரை முகத்தைச் சுளித்தார். "பொண்ணுங்க பேசுற வர்த்தமானமா இது?"

"எங்க வேர்வையை மட்டும் மோந்து மோந்து பாக்கீக. இது மட்டும் நாறுதோ?" என்றாள் பக்கத்தில் நின்ற சந்தனம்.

"அந்த விவரம் சிஸ்டத்துல இல்ல," என்று கொச்சிக்காரன் முணுமுணுத்தான். படித்த படிப்பு அவ்வளவுதான்.

சந்தனம் ஆபீஸ் முற்றத்துக் குழாயைத் திறந்து செம்பை நிரப்பி அக்காவிடம் நீட்டினாள். அக்கா தயங்கினார்.

"குடிங்கக்கா. எல்லாருந்தான் குடிக்கப் போறோம்."

அவர் மடக்மடக்கென்று குடித்தார். செம்பு கைமாறிக்கொண்டே போனது. பட்டைகளை உரித்துப் போட்டோம். மலைக்கு ஒருத்தியும் இறங்கவில்லை. நேராக ஆபீஸ் கக்கூஸ் வாசலில் போய் வரிசையாக நின்றோம். கதவு பூட்டியிருந்தது.

"சாவி காணல. எல்லாரும் ஜோலிக்குப் போங்க," என்றார் பின்னால் ஓடிவந்த துரை.

"அக்காவுக்கு வேலை போட்டாத்தான் போவோம்," என்றேன்.

கத்தரீனாளக்கா முந்தானையால் வாயைத் துடைத்தார். துரையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சாவி கெடைக்கலேன்னா பரவாயில்ல சார். ஒங்க பங்களா வாசல் பெருசாத்தான இருக்கு."

நாங்கள் எல்லோரும் பங்களா பக்கம் திரும்பினோம்.