படுத்தால் வலிக்காது

குடோனில் மூட்டையைத் தூக்கும்போது லோடுமேனுக்கு முதுகில் ஏதோ பட்டென்றது. அன்றிலிருந்து எழுந்து நின்றால் தலை பிளந்தது. படுத்தால் வலியே இல்லை. தண்டுவடத்தின் உறை கிழிந்து, மூளை மிதக்கிற நீர் கசிகிறது, நின்றால் மூளை கீழே இழுபடுகிறது என்றார் டாக்டர். கிழிசலை அடைக்கும்வரை தலையணைகூட இல்லாமல் மல்லாந்து கிடக்கச் சொன்னார்.

பத்தாம் நாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். அவன் இடத்தில் வேறு ஆளைப் போடுவதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

“புதுமாப்பிள்ளை மாதிரி கிடக்கிறியேடா. மூஞ்சி பளபளன்னு இருக்கு.”

“நின்னாத்தான் வலிக்குதுண்ணே.”

“அப்போ நின்னு காட்டு.”

“வேணாங்க,” என்றாள் மனைவி.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். பின்மண்டையில் சம்மட்டி இறங்கியது. மேஸ்திரி இரண்டாகத் தெரிந்தார். வாந்தி எடுத்துவிட்டுத் தரையிலேயே சாய்ந்தான்.

மேஸ்திரி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வலி இறங்கியது. முகம் தெளிவதை அவனால் மறைக்க முடியவில்லை.

“இப்போ வலிக்குதா?”

பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். வாய் வரவில்லை.

“இப்போ இல்லண்ணே.”

“அதானே பார்த்தேன்,” என்று மேஸ்திரி எழுந்து செருப்பை மாட்டினார்.