கீழேயிருந்து வரும் குரல்

மருந்துவீட்டில் கண்ணைக் கட்டிப் படுத்தவர்கள் எழுந்து போன பிறகு, கட்டிலைச் சுற்றிக் கிடப்பதை வாரிக் கொட்டுவதும் துணைக்காரியின் வேலைதான். பெரும்பாலும் மணல். சில நாள் மீன் செதில், ஈர இலை, யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு. ஒரு வங்கி மேலாளர் தெளிந்து எழுந்தபோது கட்டிலருகே ஒரு கழுதை நின்றது. அது லிஃப்டுக்குள் நுழைய மறுத்ததால் படிக்கட்டு வழியாக இறக்கிவிட அரை நாள் பிடித்தது. அது தன்னுடையது இல்லை என்று மேலாளர் கடைசிவரை சாதித்தார். அங்கே விழுங்கக் கொடுக்கும் காளான் மாத்திரை மனசின் அடித்தட்டைக் கிளறும், கிளறினால் கொஞ்சம் வெளியே சிந்தத்தான் செய்யும் என்றார் டாக்டரம்மா. ஆழ்மனப் பொருட்களைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியும் இருந்தார்.

அங்கே வந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள், சாமி கும்பிடுவதை விட்டு வெகுகாலம் ஆனவர்கள். விட்டதை எங்கே வைத்தோம் என்று தேடுகிற முகம் அவர்களுக்கு. நேராகக் கேட்க வெட்கப்பட்டு, தூக்கம் வரவில்லை, முதுகு வலிக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். டாக்டரம்மாவும் கடவுள் என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார், ‘விரிந்த அனுபவம்’ என்பார். சன்னலுக்குத் திரை, கட்டில், வாந்திக்கு ஒரு வாளி, துண்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி. அறையில் இருந்தது அவ்வளவுதான். நாற்காலியில் துணைக்காரி உட்காருவாள். படுத்திருப்பவர் உள்ளே எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “நான் இங்கதான் இருக்கேன்.” யார் என்று சொல்லக்கூடாது, தொடக்கூடாது, ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது தும்மல் மாதிரி ஆகிவிட்டது. கடையில் யாராவது “அக்கா” என்றாலும் அதுதான் வாயில் வரும்.

அவளுடைய கணவர் கட்டட வேலையில் உயரமான கிரேனை ஓட்டுபவர். கேபினிலிருந்து பார்த்தால் சுமை இறங்குகிற இடம் பாதி நேரம் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். கீழே வாக்கி-டாக்கியுடன் நிற்கிற சிக்னல்காரர் இறக்கு, இன்னும் இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தக் குரலை நம்பித்தான் நெம்புகோல் நகரும். குரல் நின்றால் கையை எடு. அந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. ஒரு நாள் கான்கிரீட் பலகை அந்தரத்தில் இருக்கும்போது குரல் நின்றது. கிரேன்காரர் கையை எடுத்தார். பலகையும் நின்றது, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கீழே சிக்னல்காரர், கூட வேலை பழகிய நண்பர், மார்பு அடைத்து, வாக்கி-டாக்கியைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தார்.

அன்றிலிருந்து எந்தக் குரலும் கேட்காத இடத்திலெல்லாம் கிரேன்காரர் அசையாமல் நின்றுபோனார். யாரும் பேசாமல் சாப்பிட்டால் கை பாதி வழியில், சோற்றோடு, அப்படியே நிற்கும். குளியலறையில் ஊற்றிய தண்ணீர்கூட அவர் தோளில் பட்டதும் வழியாமல் நின்றது. அதனால் துணைக்காரி வீட்டில் ஓயாமல் பேசினாள். பேச விஷயம் தீர்ந்தால் பாத்திரங்களின் பெயரைச் சொன்னாள். வேலைக்குப் போகிற நேரம் ரேடியோவைப் போட்டுவிட்டுப் போனாள், வழியெல்லாம் கடைகளில் விளக்கு எரிகிறதா, மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு நாள் அவர் மருந்து வாங்கப் போய், கூட்டம் ஓய்ந்த ஒரு நொடியில் நடுச்சாலையில் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். வண்டிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. யாரோ ஒருவன் “சாவுகிராக்கி” என்று திட்டியதால்தான் பிழைத்தார்.

மறுநாளே துணைக்காரி, கணவருக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி டாக்டரம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். உறவுக்காரர் துணை உட்காரக்கூடாது என்பது அங்கே விதி. அன்றைக்கு இன்னொரு துணைக்காரிக்குக் காய்ச்சல், டாக்டரம்மாவுக்கும் வேறு வழியில்லை. “நீங்க யாருன்னு அவருக்குத் தெரியவே கூடாது. புரியுதா?” என்று எச்சரித்து உள்ளே விட்டார். கிரேன்காரர் கண்கட்டோடு வெகுநேரம் கிடந்தார். மூச்சு வருகிறதா என்று அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். கடைசியில் அவர், மேகத்துக்கு மேலேயிருந்து கேட்பது போல, “கீழ யாராவது இருக்கீங்களா?” என்றார்.

அவர் கேட்டது அவளை இல்லை. செத்தவரை, அல்லது அவருக்கும் கீழே இருக்கிற யாரையோ. பதில் வராவிட்டாலும் அது ஒரு பதில்தான், அதற்குத்தானே அத்தனை பேரும் அங்கே வந்து படுக்கிறார்கள். துணைக்காரிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் பழகிய வாய் முந்திக்கொண்டது.

“நான் இங்கதான் இருக்கேன்.”

கிரேன்காரர் எழுந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். அது மனுஷக் குரல் இல்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். அவர் கிடந்த இடத்தில் தரையில் ஒரு வாக்கி-டாக்கி இருந்தது. சிக்னல்காரரின் பிடியிலிருந்து எடுக்க முடியாமல் உடலோடு சேர்த்து எரித்தார்களே, அதுதான், உறையில் அவர் சுற்றிய பச்சை ஒட்டுநாடாகூட அப்படியே. துணைக்காரி கையுறை போட்டு எடுத்துத் தன் பைக்குள் மறைத்தாள்.

அதன்பிறகு அவர் நிற்கவே இல்லை. சத்தமில்லாத வீட்டில் சவரம் செய்தார், சந்தைக்குப் போனார், மறுபடி கிரேனில் ஏறினார். ஊர் சந்தோஷப்பட்டது. துணைக்காரி மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு மனுஷனைப் பொய் சொல்லி நிமிர்த்தியிருக்கிறோம், என்றைக்காவது சமையலறையில் நம் குரல் அந்தக் குரல் மாதிரி ஒலித்துவிட்டால் அவர் அதே இடத்தில் நின்றுவிடுவாரே என்று பயந்து, வீட்டில் கீச்சுக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்த வாக்கி-டாக்கி, பேட்டரி இல்லாமலே, ஒரு மத்தியானம் கரகரத்தது. “கீழ யாராவது இருக்கீங்களா?” கணவர் குரல். மறைந்த இடத்தில் சுமை இறக்கும்முன் அவர் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறார். புது சிக்னல்காரர் “இருக்கேண்ணே” என்று கத்தினாலும் அது போதவில்லை. அவள் வெங்காயத்தை வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். இன்னொரு நாள், இது பாவம், போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தாள். சாயங்காலம் அக்கம்பக்கமெல்லாம் அதே பேச்சு: பலகை ஆட்களின் தலைக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டதாம், காற்று வேறு அடித்ததாம். அதற்கப்புறம் அவள் அந்தக் கருவியைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து நகர்த்தவில்லை.

வரவர மற்றவர்களும் கூப்பிட்டார்கள். மேலாளர் கூப்பிட்டார், கழுதையைப் பற்றி விசாரித்தார். மருந்துவீட்டுக்கு வராதவர்கள், அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள். என்ன வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்கள். துணைக்காரி இளைத்தாள். ஒரு பதில் தவறினால் எங்கே எது தொங்கும் என்று யாருக்குத் தெரியும்? டாக்டரம்மாவிடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஓய்வு தானாக வந்தது. ஒரு காலை எழுந்தபோது அவள் தொண்டை முழுசாகக் கட்டியிருந்தது, காற்றுதான் வந்தது. கணவர் முன்பே வேலைக்குப் போயிருந்தார். டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டாள். வாக்கி-டாக்கி இல்லை. டப்பாக்களைக் கவிழ்த்தாள், பருப்பு தரையெல்லாம் ஓடியது. இல்லை. கதவைச் சாத்தாமலே இறங்கிப் பேருந்தைப் பிடித்தாள்.

பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாவகாசமாக நின்றது. இந்நேரம் பலகை தொங்கும். இந்நேரம் காற்று அடிக்கும். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பேருக்குப் பதில் சொன்னவள், வாழ்க்கையில் முதல்முறையாக, சத்தம் வராத வாயால், யாராவது இருக்கீங்களா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்கைந்து நிறுத்தம் கடந்திருக்கும். காதோரத்தில், காற்றின் இரைச்சலோடு, மூச்சு வாங்குகிற ஒரு கனத்த குரல் சொன்னது: “நான் இங்கதான் இருக்கேன்.” யாருடையது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கம்பியை இறுக்கிய பிடி தளர்ந்தது, உட்கார இடமும் கிடைத்தது.

கட்டட வாசலில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். கிரேன் அது பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பலகை மெல்ல, பதற்றமில்லாமல், சுவருக்குப் பின்னால் இறங்கியது. மத்தியான இடைவேளைக்குக் கணவர் ஏணி வழியாக இறங்கி வந்தார். இடுப்பில் பச்சை நாடா சுற்றிய வாக்கி-டாக்கி.

“தொண்டை கட்டிக்கிட்டுத் தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரல. அதான் டப்பாவுக்குப் பின்னால நீ வச்சிருந்ததை எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். “நானே கேட்டு, நானே சொல்லிக்கிட்டேன். வேலை ஓடிச்சு.”

அவள் வாயைத் திறந்து, சத்தம் வராமல், கையால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“உன் குரல் எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். சொன்னா நீ பயந்துபோய் நிறுத்திடுவியோன்னு எனக்குப் பயம். அதான் டாக்டரம்மாகிட்ட மனுஷக் குரல் இல்லன்னு சொன்னேன்.” தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “காலையில பாவம், யாரோ ஒரு பொம்பளை. வார்த்தையே வரல, வெறும் மூச்சு. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கை வேலையா இருந்ததால சட்டுனு சொல்ல முடியல, அப்புறமாத்தான் பதில் சொன்னேன். என்ன ஆனாளோ.”

துணைக்காரி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இருவரும் மணல் குவியல்மேல் உட்கார்ந்து, அவர் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை, அவர் கை எங்கேயும் நிற்கவில்லை.

தொண்டை சரியான பிறகு அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு மருந்துவீட்டில் வேலை இருக்கிற நாளில் கருவி அவரோடு கிரேனுக்குப் போகும், மற்ற நாளில் வீட்டில் இருக்கும். மருந்துவீட்டுக்கு வருகிறவர்களிடமிருந்து இப்போது ஒரே ஒரு குறைதான் வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் போய் உயிர் பதறக் கூப்பிட்டால், சில மத்தியானங்களில், வாய் நிறையச் சோற்றோடு ஒரு ஆண் குரல் பதில் சொல்கிறதாம். டாக்டரம்மா அதையும் விரிந்த அனுபவம் என்றே சொல்கிறார். குறை சொன்னவர்கள் அடுத்த மாதமும் வந்து படுக்கிறார்கள்.